மனையும் மருந்தாம்

(வெதுருகுப்பத்தில் நடைபெற்ற தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் கம்பனையும் இளங்கோவையும் கேட்டு மகிழலாம் என்று வந்திருப்பீர்கள். அவ்வினிய கடமையை எனக்குப் பின்னர்ப் பேசவிருக்கும் புலவர் பெருமக்கள் செவ்வனே செய்வார்கள். எனக்குச் சங்கத்தார் இட்ட பணி வேறு. மனநோயினின்றும் தேறி வருவோர்க்கு இருக்க ஓர் இல்லமும், அவ்வில்லத்தில் தக்க துணையும் அமைத்துத் தருவது எவ்வாறு என்பது பற்றிப் பேசுக என்றனர். விழா நாளில் பேசத் தக்க பொருளா இஃது எனச் சிலர் ஐயுறலாம். தக்கதே என்பது என் துணிபு.

ஏனெனில், வீடு தேடி அலைந்த வருத்தத்தை நம்மைப் போல் அறிந்தோர் பிறர் இலர். இங்கே கூடியிருப்போருள் சிலர் பிழைப்பை நாடி இப்பக்கம் வந்தவர்கள். வேறு சிலர் இருந்த இடத்தை விட்டு அசையாமலே அயலவர் ஆனவர்கள். 1911ஆம் ஆண்டில் வடார்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டத்தை அமைத்தார்கள். 1953இல் அம்மாவட்டம் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணி முதலிய பகுதிகள் சென்னை மாநிலத்துக்குச் சென்றன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறின, குடும்பங்கள் இருபுறமும் நின்றன. ஆகவே, "எந்த ஊர்? என்ன மொழி? உங்களை அறிந்தவர் இங்கு யார்?" என்று வீட்டுக்காரர் கேட்கும் மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லி விடை சொல்லி நமக்கு நாத் தழும்பேறியிருக்கிறது. நமக்கே இப்பாடாயின், "இதுவரை எங்கே இருந்தீர்கள்?" என்ற கேள்விக்கு "மனநல மருத்துவமனையில்" என்று விடை சொல்ல வேண்டியவர்க்கு என்ன பாடு இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவ்வூரின் பெயரிலிருந்தே பொருளுக்குள் நுழைகின்றேன். 'வெதுரு' என்று தெலுங்கர் வழங்கும் மூங்கிலை நம் பழந்தமிழ் 'வெதிர்' என்று வழங்கியது. சொல் ஒன்றே, அண்டை வீட்டில் வேறு உடை உடுத்து நிற்கிறது. அந்த மூங்கிலால் ஆகும் பயன் பல. அவற்றுள் ஒன்றை இப்பகுதியார் நன்கு அறிவர். எலும்பு முறிந்தால் நாம் ஓடுவது புத்தூருக்கு. புத்தூர்க் கட்டு என்றால் தென்னாடெங்கும் தெரியும். மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டுகிறார்கள். அந்தப் பத்தை எலும்பை ஒட்டுவதில்லை. எலும்பு தானே கூடுகிறது. கூடும் வரையில் அசையாமல், வளையாமல், மேலும் அடிபடாமல் காத்து நிற்பதே பத்தையின் வேலை. மனம் முறிந்தவர்க்கு நல்ல இல்லம் செய்யும் வேலையும் இதுவே. இல்லம் நோயைத் தீர்ப்பதன்று. தீர்வதற்கு வேண்டிய அமைதியைக் காத்து நிற்பது.

ஓர் வேறுபாட்டையும் உடனே சொல்லிவிட வேண்டும். கைமுறிந்து கட்டுடன் வருபவனைத் தெருவில் காண்போர் எல்லாம், "எப்போது கட்டுப் பிரிப்பார்கள்?" என்று அன்போடு வினவுகின்றனர். மனநோயுற்று மருந்துண்டு வருபவனைக் கண்டால் கதவைச் சாத்துகின்றனர். முறிவு இரண்டும் முறிவே. ஒன்றற்கு இரக்கமும் மற்றொன்றற்கு அச்சமும் கிடைப்பது அறியாமையின் விளைவேயன்றி வேறன்று.

மனநோய் தீருமா என்பது முதற்கேள்வி. "தீராத நோய்; ஒருமுறை வந்தால் வாழ்வு முடிந்தது" என்று நம்மவருள் பெரும்பாலார் கருதுகின்றனர். மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் ஏறத்தாழ அவ்வாறே கருதியது. ஆனால் அமெரிக்க நாட்டு வெர்மாண்டு மாநிலத்தில், 1950களில் அரசு மருத்துவமனையின் பின்கட்டில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தவர்களை வெளிக்கொணர்ந்து, வீடும் வேலையும் துணையும் தந்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் கோர்ட்னி ஹார்டிங் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் அவர்களைத் தேடிச் சென்று ஆராய்ந்து 1987இல் முடிவை வெளியிட்டனர். பாதிப் பேர் முதல் மூன்றில் இரு பங்கினர் வரை பெரிதும் தேறியோ, முழுவதும் நலமுற்றோ வாழ்ந்தனர். மருத்துவமனையே கைவிட்ட மிகக் கடுமையான நோயாளிகள் இவர்கள் என்பதை மறத்தல் ஆகாது. நம் சென்னையிலும் மனச்சிதைவு நோய் முதன்முறை கண்ட 90 பேரை 1980களின் தொடக்கத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கின்றனர். நோயின் போக்கு எல்லோர்க்கும் ஒன்றன்று என்பதும், பலர் மணவாழ்விலும் தொழிலிலும் நிலைபெற முடிகிறது என்பதும் அதனால் தெளிவாயின.

இங்கே 'தேறுதல்' என்ற சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். நோயின் குறிகள் யாவும் அறவே ஒழிதல் மட்டுமே தேறுதல் அன்று. நீரிழிவு உடையவர் நாள்தோறும் மருந்துண்டு, அளவறிந்து உண்டு, கடைக்கும் போய்த் திருமணத்துக்கும் போய் வாழ்வதில்லையா? அதுபோலவே, காதில் எப்போதாவது ஒரு குரல் கேட்டாலும், அது நோயின் குரல் என்று அறிந்து, தன் வேலையைத் தான் செய்து, தன் கையால் சமைத்து, தனக்குரிய நட்புகளோடு வாழ்பவர் தேறியவரே. நோய் அவரிடத்தில் இருக்கலாம். அவர் நோயினிடத்தில் இல்லை.

அவ்வாறாயின் தேறுகின்றவர் எங்கே இருக்கின்றார்? நம் நாட்டில் அவர்க்கு மூன்றே இடங்கள் இருந்து வந்தன: பெற்றோர் வீடு, பெரிய மருத்துவமனை, நடுத்தெரு. இம்மூன்றையும் முறையே பார்ப்போம்.

பெற்றோர் வீடு முதன்மையானது. மனநோயுற்றோரைக் குடும்பத்தோடு வைத்தே பேணுதல் நம் நாட்டு மருத்துவம் உலகுக்குக் காட்டிய நன்னெறிகளுள் ஒன்று. 1950களில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யாசாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, உறவினரையும் நோயாளியுடன் தங்கவைத்தார். நமக்கு அருகிலுள்ள வேலூரில், பாகாயத்து மனநல மருத்துவ நிலையத்திலும் குடும்பத்தார் உடனிருந்து பேணும் முறை அப்பத்தாண்டிலேயே வேரூன்றியது. இங்கிருந்து வேலூருக்குச் சென்று, பிள்ளையோடு தங்கி, நோயின் இயல்பைக் கற்றுத் திரும்பிய பெற்றோர் நம்மிடையே பலர் இருக்கக் கூடும்.

எனினும் குடும்பத்தின் மேல் எல்லாச் சுமையையும் ஏற்றிவிட்டு நாம் கைகட்டி நிற்றல் முறையன்று. 1950களில் இலண்டன் மாநகரில் ஜார்ஜ் பிரௌன் என்னும் அறிஞர், மனநோய் மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய ஆடவர் 200க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தார். வியத்தகு செய்தி ஒன்று வெளிப்பட்டது. பெற்றோரிடமோ மனைவியிடமோ சென்றவர்களைக் காட்டிலும், உடன்பிறந்தார் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கியவர்களுக்கு நோய் திரும்புதல் குறைவாயிருந்தது. பெரிய விடுதிகளில் தங்கியோரும் நன்றாக இருக்கவில்லை. பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் காரணத்தை விளக்கின. இடைவிடாத குறைகூறலும், எள்ளலும், அளவு கடந்த பதற்றமும் நிறைந்த வீட்டில், நாள் முழுதும் முகம் பார்த்திருக்கும் நிலைமையே நோயைத் திரும்ப அழைக்கிறது. சண்டிகரில் 1980களில் ஆராய்ந்தபோது, இந்தியக் குடும்பங்களில் இக்குறைகூறல் குறைவு என்று கண்டனர். அது நமக்குப் பெருமை. ஆயினும் நம் வீடுகள் சிறுத்துவிட்டன. கூட்டுக் குடும்பம் குலைந்துவிட்டது. அறுபது வயதுத் தாய் ஒருத்தியே இரவும் பகலும் தனியே தாங்கும் வீட்டில் அன்பு மாறாமலிருந்தாலும் உடல் சலித்துப் போகிறது. அன்பில்லாமையைச் சுட்டுவது இவ்வாராய்ச்சி அன்று. அன்புடையார்க்கும் இளைப்பாற இடம் வேண்டும் என்பதையே அது சுட்டுகிறது.

இரண்டாவது இடம் மருத்துவமனை. சென்னையில் 1794ஆம் ஆண்டில் மனநோயாளர்க்கென ஓர் இல்லம் தோன்றியது. கீழ்ப்பாக்கத்தில் 1871இல் திறந்த பெரிய காப்பகம் பின்னர் மருத்துவமனையாக வளர்ந்தது. 1961இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற மருத்துவர் சாரதா மேனன் அம்மையார் நம் நாட்டின் முதற் பெண் மனநல மருத்துவர். மருத்துவமனைக்கு வெளியே வாழ்வு வேண்டும் என்ற எண்ணத்தால், ஓய்வு பெற்ற பின்னர் 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் நிறுவினார். 98 வயது வரை வாழ்ந்து 2021இல் மறைந்தார். மருத்துவமனை நோய் முற்றிய நாளில் தேவை. நோய் தணிந்த பின்னரும் அங்கேயே கிடத்தல் தீங்கு. ஆயினும் நம் நாட்டு அரசு மனநல மருத்துவமனைகளில் உள்ளிருப்போருள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் ஓராண்டுக்கு மேலாக அங்கேயே தங்கியிருக்கின்றனர் என்று 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. நோய்க்காகத் தங்கியவர் சிலர். போக இடமில்லாமல் தங்கியவர் பலர்.

மூன்றாவது இடம் தெரு. அதனினும் கொடியது சங்கிலி. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், ஓலைக் கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் மனநோயாளிகள். காலில் சங்கிலி பூட்டப்பட்டிருந்தமையால் ஓட இயலாமல் 28 உயிர்கள் மாண்டன. அவர்களை அங்கே விட்டுச் சென்ற குடும்பங்கள் எல்லாம் கல்நெஞ்சம் உடையன அல்ல. வேறு இடம் அறியாதவை. இறைவன் திருவருளால் பிணி தீரும் என்ற நம்பிக்கையோடு வந்தவை. நம்பிக்கையில் குற்றமில்லை; சங்கிலியிற்றான் குற்றம். அக்கொடுமைக்குப் பின்னர் அத்தகைய விடுதிகளை அரசு மூடி, 500க்கும் மேற்பட்டோரைத் தன் பொறுப்பில் ஏற்றது. மூடுவது எளிது. மூடிய பின் அவர்கள் எங்கே வாழ்வது என்பதே வினா.

இவ்வினாவுக்குச் சட்டம் ஒரு விடை தந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2018 மே 29ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மனநல மருத்துவச் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். மனநோயுற்ற எவர்க்கும் சமுதாயத்தின் நடுவே வாழும் உரிமை உண்டு என்கிறது அப்பிரிவு. குடும்பம் இல்லை என்பதாலோ, குடும்பம் ஏற்கவில்லை என்பதாலோ, வீடில்லை என்பதாலோ, ஊருக்குள் தக்க வசதி இல்லை என்பதாலோ எவரையும் மருத்துவமனையிலேயே வைத்திருத்தல் கூடாது என்றும் அது சொல்கிறது. இடைநிலை இல்லங்களும் துணையுடன் கூடிய வாழ்விடங்களும் அமைத்தல் அரசின் கடமை. சங்கிலியால் பிணித்தல் எந்நிலையிலும் கூடாது என்கிறது 95ஆம் பிரிவு. சட்டம் வழியைத் திறந்துவிட்டது. ஆனால் சட்டத்துக்கு வாடகைக்கு விட வீடு இல்லை. வீடு நம்மிடத்தில் இருக்கிறது.

வீடு தந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? சென்னைத் தெருவில் அல்லலுற்று நின்ற பெண்ணொருத்தியைக் கண்டு மனம் பொறாத இளம் பெண்கள் இருவர், வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்போர், 1993இல் 'பேன்யன்' என்ற அமைப்பைத் தொடங்கினர். பேன்யன் என்பது ஆலமரத்தின் ஆங்கிலப் பெயர். வீடற்ற மனநோயுற்ற பெண்களுக்கு 'அடைக்கலம்' என்ற இல்லத்தை அமைத்தனர். நலமுற்றோர் பலரை அவரவர் ஊருக்கே கொண்டுபோய்ச் சேர்த்தனர். ஆயினும் ஊர் தெரியாதோரும், உறவினர் ஏற்காதோரும் இல்லத்திலேயே தங்கி முதுமையுற்றனர். இதற்கு மாற்றாக 2015இல் 'மீண்டும் இல்லம்' என்ற பொருள்படும் பெயருடைய ஒரு திட்டத்தைத் தொடங்கினர். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில், உலகின் பல நாட்டு நல்ல முயற்சிகளோடு இதனையும் எடுத்துக்காட்டியது.

திட்டம் மிக எளிது. தம்முள் நட்புடைய நால்வரோ ஐவரோ ஒன்றுசேர்ந்து, எல்லோரும் வாழும் தெருவில், எல்லோரும் வாழ்வது போன்ற ஒரு வாடகை வீட்டில் குடியேறுகின்றனர். வாயிலில் பெயர்ப்பலகை இல்லை, காவலாளி இல்லை. துணைக்கு ஒருவர் உடன் இருக்கிறார். பெரும்பாலும் அக்கம் பக்கத்து ஊரைச் சேர்ந்த, பட்டம் பெறாத, ஆனால் பயிற்சி பெற்ற பெண்மணி அவர். மருத்துவரும் சமூகப் பணியாளரும் வேண்டும்போது வந்து போகின்றனர். இன்று என்ன குழம்பு, யார் காய் நறுக்குவது, எந்தத் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பது, பொங்கலுக்கு என்ன நிறத்தில் சேலை எடுப்பது என்பனவெல்லாம் அவர்களே முடிவு செய்வன. பத்தாண்டுகள் பிறர் இட்டதை உண்டு, பிறர் தந்ததை உடுத்த ஒருவர், "எனக்குக் கத்தரிக்காய் வேண்டாம்" என்று சொல்லத் தொடங்குவது சிறு செய்தியன்று. தேறுதலின் முதற்படி அதுதான்.

இத்தகைய இல்லங்கள் நன்கு நடக்க வேண்டுமாயின், இன்றியமையாதனவாக ஐந்தினைக் கூறலாம்.

முதலாவது, வீடு பரிசன்று, உரிமை என்ற எண்ணம். மருந்து உண்டால் வீடு, உண்ணாவிட்டால் தெரு என்று அச்சுறுத்துதல் கூடாது. 1992இல் நியூயார்க்கு நகரில் 'முதலில் வீடு' என்ற கொள்கையுடன் ஒரு முயற்சி தொடங்கிற்று. தெருவில் கிடந்தவரை, "முதலில் குணமாகி வா, பிறகு வீடு" என்னாமல், "முதலில் வீட்டுக்கு வா, மற்றவற்றைச் சேர்ந்து பார்ப்போம்" என்றனர். கனடா நாட்டில் 2009 முதல் ஐந்து நகரங்களில் 2000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு இம்முறையை ஆராய்ந்து, வீட்டில் நிலைத்து வாழ்வோர் தொகை இதனால் மிகுதல் கண்டனர்.

இரண்டாவது, துணை என்பது மூங்கில் பத்தை போல் அளவறிந்து இருத்தல் வேண்டும். தளர்ந்தால் எலும்பு விலகும். இறுக்கினால் இரத்தம் ஓடாது. நோய் மிகும் காலத்தில் துணை மிகவும், தணியும் காலத்தில் துணை விலகவும் வேண்டும். தானே செய்யக் கூடியதைப் பிறர் செய்து கொடுத்தல் அன்பு போல் தோன்றும் தீங்கு. சிலர்க்குப் பத்தையைச் சில திங்களில் பிரித்துவிடலாம். சிலர்க்கு வாழ்நாள் முழுதும் ஓர் ஊன்றுகோல் வேண்டியிருக்கும். அதனால் அவர் தாழ்ந்தவர் ஆகார்.

மூன்றாவது, நோய் திரும்புதல் குற்றமன்று. உறக்கம் குறைதல், உணவில் விருப்பமின்மை, தனியே ஒதுங்குதல், காரணமின்றி ஐயுறுதல் போன்ற முன்குறிகளை உடன் வாழ்வோர் அறிந்திருந்தால் மருத்துவரை விரைந்து அணுகலாம். மருத்துவமனைக்குச் சென்று திரும்பும் வரை அவருடைய படுக்கையும் பெட்டியும் அதே அறையில் காத்திருத்தல் வேண்டும். திரும்ப இடமுண்டு என்ற நம்பிக்கையே மருத்துவமனைக்கு மனமுவந்து செல்லும் துணிவைத் தருகிறது.

நான்காவது, தொழிலும் கையில் காசும். ஒரு நாளில் இரண்டு மணி நேரமாயினும் பயனுள்ள வேலை, அதற்கு நேர்மையான கூலி, அக்கூலியைத் தன் விருப்பப்படி செலவிடும் உரிமை ஆகியன வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளர் உரிமைச் சட்டத்தில் மனநோயும் அடங்கும். குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாது என்ற சான்றிதழ் பெற்றோர் அதற்குரிய சலுகைகளை நாடலாம். ஆதார் அட்டையும் குடும்ப அட்டையும் இல்லாதவர்க்கு அவற்றைப் பெற்றுத் தருதலும் மருத்துவத்தின் பகுதியே.

ஐந்தாவது, அக்கம்பக்கம். இதனைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லுதல் வேண்டும்.

அமெரிக்காவில் 1955ஆம் ஆண்டில் அரசு மனநோய் மருத்துவமனைகளில் ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். புது மருந்துகள் வந்தன. புதுச் சட்டமும் 1963இல் வந்தது. மருத்துவமனைகள் விரைவில் காலியாயின. ஆனால் வெளியே வீடுகளும் துணையும் போதுமான அளவில் எழவில்லை. அதனால் பல்லாயிரவர் தெருவுக்கும் சிறைக்கும் போய்ச் சேர்ந்தனர். இதற்கு மாறாக, பெல்ஜியம் நாட்டில் கேல் என்னும் சிற்றூர் பல நூற்றாண்டுகளாக மனநோயுற்றோரைத் தன் வீடுகளில் உறுப்பினராக ஏற்று வாழ்கிறது. 1930களின் இறுதியில் அங்கே 3,700 பேர் வரை அவ்வாறு வாழ்ந்தனர். கேல் ஊராரிடம் மாயம் ஒன்றும் இல்லை. பழகிய முகத்தைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை என்ற உண்மை மட்டுமே இருந்தது. ஊர் ஏற்காத இடத்தில் சட்டமும் மருந்தும் பாதி வழியில் நின்றுவிடுகின்றன.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிறிய வீடாக இருப்பதனாலேயே அது நல்ல வீடு ஆகிவிடாது. வெளியே பூட்டு, ஒரே நிற உடை, மணியடித்தால் சோறு, விருந்தினர் வரத் தடை, கையில் காசின்மை ஆகிய இவை இருக்குமாயின், ஐந்து பேர் வாழும் வீடும் ஐந்நூறு பேர் கிடக்கும் காப்பகமும் ஒன்றே. சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். அதனைக் கொண்டே அஃது இல்லமா சிறையா என்பதை அறிந்துவிடலாம்.

பெருமக்களே! "இவையெல்லாம் அரசும் அறநிலையங்களும் செய்யத்தக்கன, நம் சிறு சங்கம் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பீர்கள். முடியும். பிறரால் இயலாத ஒன்று நம்மால் முடியும்.

திருப்பதி உலகோர் வந்து குழுமும் திருநகர். வரும் கூட்டத்தில் வழி தவறியோரும், நோயால் வீட்டை மறந்து நடந்து வந்தோரும் சேர்ந்துவிடுவது இத்தகைய திருத்தலங்கள் எல்லாவற்றிலும் இயல்பு. அவருள் தமிழ் மட்டும் அறிந்த ஒரு மூதாட்டி இருந்தால், மருத்துவமனையில் அவர் பேசுவது செவிலியர்க்கு முழுதும் விளங்காது. விளங்காத பேச்சு பிதற்றலாகவே எண்ணப்படும். உண்மையில் அவர் தம் ஊர்க் கோயிலின் பெயரையும் தம் மூத்த மகன் தொழிலையும் சொல்லிக்கொண்டிருக்கலாம். "அவிக" என்கிறாரா, "அவுங்க" என்கிறாரா என்று கேட்டே, எந்தச் சீமைக்காரர் என்று ஓரளவு கணிக்க வல்லவர்கள் இந்த அவையில் பலர் இருக்கின்றீர்கள். அவர்க்கு அருகில் அரைமணி நேரம் அமர்ந்து காது கொடுத்தால், மருந்தால் ஆகாதது மொழியால் ஆகும். காணாமற்போன ஒருவர் தம் குடும்பத்தோடு சேரலாம். 2014இல் மாநிலம் பிரிந்தபோது ஆந்திரத்தின் பழைய மனநோய் மருத்துவமனை விசாகப்பட்டினத்தில் இருந்தது. அத்தொலைவில் ஒரு தமிழர் தனித்துக் கிடப்பாராயின் அவர் நிலை இன்னும் இரங்கத் தக்கது. ஆகவே மருத்துவர் அழைத்தபோது மொழிபெயர்க்கச் செல்வோர் பட்டியல் ஒன்றை நம் சங்கம் வைத்திருக்கட்டும். இது செலவில்லாத தமிழ்த் தொண்டு.

அடுத்து, நம்முள் வீடுடையோரும் கடையுடையோரும் நிலமுடையோரும் இருக்கின்றீர்கள். தேறிய நால்வர்க்கு வீடு கேட்டு யாரேனும் வந்தால், "இல்லை" என்று சொல்லுமுன் ஒரு நாள் எண்ணுங்கள். "மற்றக் குடித்தனக்காரர் என்ன சொல்வார்?" என்ற அச்சம் எழும். அச்சம் நியாயமே. துணையாளர் யார், இரவில் இடர் வந்தால் எவரை அழைப்பது, எந்த மருத்துவர் பொறுப்பு என்ற மூன்றையும் கேட்டுத் தெளிந்து, பிறகு இசைவு தாருங்கள். மாங்காய் பிரிக்கவும், கடலை உடைக்கவும், கடையில் பொட்டலம் கட்டவும் ஆள் தேடும்போது அவர்களையும் நினையுங்கள். கூலியைக் குறைக்காதீர்கள். தீபாவளிக்குப் பலகாரத் தட்டு ஒன்று அவ்வீட்டுக்கும் போகட்டும். அவர்கள் தரும் தட்டை நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுப்பது எளிது. அவர் கையால் தருவதை வாங்கி உண்பதே உறவு.

மனம் வருந்தும் எவரும், அவரைப் பேணுவோரும், 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபர் 10ஆம் நாள் நடுவணரசு தொடங்கிய இப்பணியில் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். சங்க அலுவலகச் சுவரில் இவ்வெண்ணை எழுதிவைக்குமாறு செயலாளர் அவர்களை வேண்டுகின்றேன்.

இறுதியாக, நம்முள் சிலர் எவரிடமும் சொல்லாமல் நெஞ்சில் வைத்திருக்கும் ஒரு கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை. "நான் உள்ளவரை என் பிள்ளையைப் பார்த்துக்கொள்வேன். எனக்குப் பின் யார்?" நாட்டின் மூலை முடுக்கெல்லாம் எழும் கேள்வி இது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் பன்னிரண்டு மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேர்க்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறையால் வருந்துவதைக் காட்டிற்று. அவருள் கடுநோய் உடையோர் சிறு பங்கினரே. ஆயினும் அச்சிறு பங்கின் பெற்றோர் ஒவ்வோர் இரவும் இக்கேள்வியோடுதான் உறங்கச் செல்கின்றனர். "அண்ணன் பார்ப்பான், தங்கை பார்ப்பாள்" என்ற விடை முன்போல் நம்பத் தக்கதாயில்லை. "ஊர் பார்க்கும்" என்ற விடையை நாம்தான் உண்டாக்க வேண்டும். பெற்றோர் உள்ளபோதே, அவர் கண்காண, பிள்ளை அவ்வில்லத்தில் வாரம் இரு நாள் தங்கிப் பழகட்டும். பின்னர் மாதம் பத்து நாள். இறப்பு வந்து துரத்தும் முன்னரே வாழ்வு வழிகாட்டிவிட வேண்டும்.

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்ற அதிகாரத்தில், நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணிபுரிவோன் என்ற நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வகுத்தார். நான்காமவனைச் சேர்த்த நுண்மையை எண்ணி எண்ணி வியக்கின்றேன். அந்நால்வரும் சேர்ந்திருக்க ஓர் இடம் வேண்டுமன்றோ? அவ்விடத்தை நல்கும் பேறு நமக்கு வாய்த்திருக்கிறது. அடுத்த ஆண்டு விழா மலரில், "நம் சங்கத்தார் முயற்சியால் ஒரு வீடு திறந்தது, நால்வர் குடியேறினர்" என்ற ஒரு வரி இடம்பெறுமாயின், ஈராயிரம் வரிக் கவிதைக்கு அஃது ஈடாகும்.



வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!